யாழ்ப்பாணத்தில் மாறியது வாக்கா, கேள்வியா?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுரகுமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள். வீதக் கணக்கில் ஏழைக் கொஞ்சம் தாண்டியது. நாடு முழுக்க வென்றவருக்கு இங்கே நான்காம் இடம். அப்புறம் நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதே மாவட்டம், அதே வாக்காளர் இடாப்பு. அவருடைய தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகள் பெற்று, ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. நாடாளுமன்றத் தேர்தலொன்றில் தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட கட்சியொன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. இந்தக் காலத்துக்குள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் தங்கள் அரசியல் நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டார்கள் என்று நான் நம்பவில்லை. தேர்தல் முடிந்த கையோடு இரண்டு விளக்கங்கள் வந்தன. “சனம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுட்டுது” என்பது ஒன்று. “தெற்கில அடிச்ச அலை இங்கயும் அடிச்சிட்டுது” என்பது மற்றது. இரண்டும் வாக்காளரைப் பார்க்கின்றனவே தவிர, அவரிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. வாக்கு என்பது ஒரு பதில். செப்டெம்பரில் கேட்கப்பட்ட கேள்வி வேறு, நவம்பரில் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

செப்டெம்பரில் கேள்வி இரண்டாகக் கிடந்தது. தெற்கின் வேட்பாளர்களுக்குள் தமிழர் யாரை நம்பலாம் என்பது முதலாவது. இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது இந்தக் கேள்விக்குள் நின்றுதான். தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் வந்த பா. அரியநேத்திரன் கேட்டது இரண்டாவது கேள்வி: நாங்கள் ஒரு தனியான மக்கள் என்று பதிவு செய்வோமா? யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558. அநுரவின் கட்சி பேசிய ஊழலும் முறைமை மாற்றமும் அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் கேள்வியாகவே இல்லை.

நவம்பரில் ஜனாதிபதி யார் என்பது முடிந்த கதை. மிஞ்சியிருந்தது, வந்துவிட்ட அரசாங்கத்தோடு எப்படி நடந்துகொள்வது என்பதும், இவ்வளவு காலம் எங்கள் பெயரில் கொழும்புக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதும். இரண்டாவது கேள்வி எழுந்தவுடன் தமிழ்க் கட்சிகள் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஜூன் 30ஆம் திகதி காலமாகியிருந்தார். கூட்டமைப்பு அதற்கு முன்பே சிதறியிருந்தது. தமிழரசுக் கட்சியின் தலைமைப் போட்டி நீதிமன்றம் வரை போயிருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள், பட்டியலுக்கு ஒன்பது பேர். இந்தக் கூட்டத்துக்குள் “ஒற்றுமையாக எங்களுக்கே போடுங்கள்” என்று கேட்க எவருக்கும் வாய் வரவில்லை.

தேர்தல் ஆய்வில் இதற்கு நிகழ்ச்சி நிரல் தீர்மானித்தல் என்று பெயர். 1968இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்ற ஊரில் மக்ஸ்வெல் மக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷோ என்ற இரு ஆய்வாளர்கள், யாருக்குப் போடுவது என்று இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களைப் பிடித்துக் கேட்டார்கள்: நாட்டின் முக்கியமான பிரச்சினைகள் எவை? இன்னொரு பக்கம், அந்த ஊருக்கு வந்த பத்திரிகைகளும் தொலைக்காட்சிச் செய்திகளும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்று அளந்தார்கள். இரண்டு வரிசைகளும் ஏறத்தாழ அப்படியே பொருந்தின. 1972இல் வெளியான அந்தக் கட்டுரைதான் இந்தத் துறையின் அத்திவாரம். வெகுசன ஊடகம் உங்கள் முடிவை உங்களுக்காக எடுத்துத் தராது. எதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடும்.

இன்னொரு படி மேலே போனவர்கள் ஷாந்தோ ஐயங்கரும் டொனால்ட் கிண்டரும். 1980களின் தொடக்கத்தில் சிலருக்கு ஒரு வாரம் தொடர்ந்து, தாங்களே வெட்டி ஒட்டிய தொலைக்காட்சிச் செய்திகளைக் காட்டினார்கள். பாதுகாப்புச் செலவு பற்றிய செய்தி அதிகம் பார்த்தவர்கள் அதை முக்கியமான பிரச்சினையாகக் கருதத் தொடங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. ஜனாதிபதி நல்லவரா கெட்டவரா என்று மதிப்பிடும்போதும் பாதுகாப்பு விடயத்தில் அவர் என்ன செய்தார் என்பதைக் கொண்டே மதிப்பிட்டார்கள். எதை முன்னால் வைக்கிறீர்களோ அதுவே அளவுகோலாகிவிடுகிறது என்பதுதான் இங்கே எங்களுக்கு முக்கியம். ஓர் அரசியல்வாதியை “சிங்கள அரசாங்கத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாரா” என்று அளந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். “எங்கட ஊர் றோட்டுக்கு என்ன செய்தார்” என்று அளந்தால் வேறு புள்ளி கிடைக்கும். ஆள் அதே ஆள்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பாடமல்ல. காங்கேசன்துறைத் தொகுதியின் கதையை எடுத்துப் பாருங்கள். என் கணக்கில் இலங்கைத் தமிழர் தேர்தல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதை முன்னிட்டுத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கட்சியின் முதல் பொதுத் தேர்தல் 1952இல். செல்வநாயகம் காங்கேசன்துறையில் நின்று, ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். நடேசனிடம் தோற்றார். கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். இன்று சிலைகளாக நிற்கும் தந்தை செல்வாவைச் சொந்தத் தொகுதி மக்களே அன்றைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஏன்? 1952இல் குடாநாட்டு வாக்காளரின் முன்னால் இருந்த கேள்வி அபிவிருத்தி. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தில் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அப்போதுதான் எழுந்திருந்தது. அதன் புகைபோக்கி தொகுதி முழுக்கத் தெரியும். அங்கே வேலை எடுத்த பெடியன்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். மறுபுறம் செல்வநாயகம் பேசியது ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மக்களின் உரிமை பற்றி. அது நியாயமான பேச்சு. பின்னால் வந்தவற்றை வைத்துப் பார்த்தால் தூரநோக்கான பேச்சும்கூட. ஆனால் தெல்லிப்பழை வாக்காளருக்கு அது வேறெங்கோ நடந்த சங்கதி.

நான்கே வருடம். 1956 தேர்தல் வரும்போது பண்டாரநாயக்கவின் கட்சியும் ஆட்சிமொழி சிங்களம் மட்டும் என்றது, அதுவரை இரு மொழி பேசிய ஐக்கிய தேசியக் கட்சியும் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. நிலத்தடியில் தண்ணீர் தேடி வாழ்ந்த, காணி குறைந்த குடாநாட்டுக்குப் படிப்பும் அரசாங்க உத்தியோகமும்தான் வாழ்வு. மொழி என்றால் வேலை, வேலை என்றால் சீதனம், சீதனம் என்றால் குடும்பம். இப்போது பிரச்சினை ஹட்டனில் இல்லை, அவரவர் வீட்டுக் குசினிக்குள் வந்துவிட்டது. செல்வநாயகம் அதே தொகுதியில் வென்றார். கட்சி பத்து ஆசனங்களைப் பிடித்தது. அவருடைய கொள்கையில் ஒரு வரிகூட மாறவில்லை. நாடு கேட்ட கேள்வி மாறி, அவர் கையில் ஏற்கெனவே இருந்த பதிலை நோக்கி வந்தது.

அதே செல்வநாயகம் பிறகு கேள்வியைத் தானே உருவாக்கவும் கற்றுக்கொண்டார். 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலை வையுங்கள், என் மக்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கிறார்களா என்று பார்ப்போம் என்று சவால் விட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் தேர்தலை வைத்தது. எதிரே கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். இடதுசாரிகளுக்கு அங்கே சொல்ல நிறைய இருந்தது: சாதிக் கொடுமை, ஆலயப் பிரவேசம், விவசாயிக்குக் கிடைத்த நல்ல விலை. அந்தக் காலத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடையால் கிடைத்த விலையை யாழ்ப்பாணத்து வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பான்மையில் செல்வநாயகம் வென்றார். 1976 மே மாதம் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி அதையே ஆணையாகக் கேட்டு, வடக்கின் 14 தொகுதிகளையும் அள்ளியது.

ஒற்றைக் கேள்விக்கு இருக்கும் பலமும் அதன் விலையும் அந்த இரண்டு தேர்தல்களிலும் தெரிகின்றன. பலம், சிதறாத ஆணை. விலை, சாதியும் தண்ணீரும் கூலியும் மேடைக்கே வரமுடியாமல் போனது. வந்தால் “இப்ப இது தேவையா, பிறகு பாப்பம்” என்ற பதில். அந்தப் பிறகு எப்போது வந்தது என்று தீண்டாமைக்கு எதிராகப் போராடியவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இதன் உச்ச வடிவமும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: தேர்தலில் பங்கெடுப்பதையே கேள்வியாக்குவது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலை, பூரண சுயராச்சியம் கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குள்ளும் அச்சத்துக்குள்ளும் நடந்த புறக்கணிப்பில் யாழ் மாவட்டத்தில் விழுந்தவை நூற்றுக்கு ஒன்று சொச்சம் வாக்குகள். மகிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம். முதலாவது இளைஞர் இயக்கத்தின் வேண்டுகோளுக்குக் கிடைத்த பதில், இரண்டாவது துப்பாக்கியின் நிழலில் கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சரி, 2024க்கு வருவோம். பிரச்சினைகளில் இரண்டு வகை உண்டு என்று 1963இல் டொனால்ட் ஸ்டோக்ஸ் என்ற ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். ஒரு வகையில் மக்கள் இரண்டு பக்கமாக நிற்பார்கள். சமஷ்டியா ஒற்றையாட்சியா என்பது அந்த வகை. மற்ற வகையில் எல்லோரும் ஒரே பக்கம்தான். ஊழல் வேண்டும் என்று எவரும் துண்டுப் பிரசுரம் அடிப்பதில்லை. இங்கே போட்டி, யார் சொன்னால் சனம் நம்பும் என்பதில். தேசிய மக்கள் சக்தி வடக்கில் செய்த வேலை இதுதான். இனப் பிரச்சினையில் தமிழ்க் கட்சிகளோடு வாதம் பண்ணினால் தோற்போம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாகாண சபை முறைக்கும் வடக்கு கிழக்கு இணைப்புக்கும் எதிராக அவர்களின் தாய்க் கட்சியான ஜே.வி.பி. நின்ற வரலாறு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே அந்த வாதத்துக்குள் இறங்கவே இல்லை. ஊழல், சலுகை, மதுபானசாலை அனுமதிப்பத்திரம், வாகன பெர்மிட் என்று எல்லோரும் ஒரே பக்கம் நிற்கும் தரைக்குக் களத்தை நகர்த்தினார்கள். யார் யார் எந்தெந்த மதுபானசாலைக்குச் சிபாரிசு செய்தார்கள் என்ற பேச்சு அந்த ஒக்டோபர் முழுக்க யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஓடியது. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த தமிழ் அரசியல்வாதிக்கு அதிகாரப் பகிர்வு பேச நேரம் கிடைக்கவில்லை.

ஆளும் தரப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. பேசாமல் செய்து காட்டலாம். 1990 முதல் இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் மூடிக்கிடந்த பலாலி–அச்சுவேலி வீதி 2024 நவம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு. நிபந்தனைகளோடுதான், இரு பக்கக் காணிகளும் விடுபடாமல்தான். ஆனாலும் 34 வருடம் சுற்றிப் போனவர்களுக்கு நேரே போகும் வழி கிடைத்தது. வலிகாமம் வடக்கின் காணிப் பிரச்சினை இதுவரை தமிழ்க் கட்சிகளின் சொந்தச் சொத்துப் போல இருந்தது. இன்ன பிரச்சினை என்றால் இன்ன கட்சிதான் என்று வாக்காளர் மனதில் பதிந்திருக்கும் உரித்தை, பிரச்சினை உடைமை என்று 1996இல் ஜோன் பெற்றோசிக் விளக்கினார். அந்த உடைமையில் ஒரு துண்டை அரசாங்கம் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.

அதே நேரம் முடிவைத் தவறாகவும் படிக்கக்கூடாது. 80,830 என்பது செல்லுபடியான வாக்குகளில் நாலில் ஒரு பங்கு. அதற்குப் பாதி ஆசனம் கிடைத்தது, முதலிடத்துக்குரிய மேலதிக ஆசனமும் மற்றவர்கள் சிதறியதும் சேர்ந்ததால். தமிழரசுக் கட்சியின் 63,327ஐயும் தமிழ்க் காங்கிரசின் 27,986ஐயும் கூட்டினாலே 91,313 வருகிறது. சங்குச் சின்னத்துக்கும் மற்றத் தமிழ்த் தேசியப் பட்டியல்களுக்கும் விழுந்தவை இதற்கு வெளியே. தேசியக் கேள்வி தோற்கவில்லை, அதை யார் கேட்பது என்ற சண்டையில் பிளந்தது. கேள்வி ஒன்றாக இருந்து கேட்பவர் பலராக இருந்தால் விகிதாசார முறை கருணை காட்டாது.

இந்த இடத்தில் ஊடகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடாநாட்டில் இன்றும் சனசமூக நிலையத்துக்குப் பத்திரிகை வரும். காலை ஏழரைக்கு மேசையில் நடுத்தாள் கழன்று ஒருவர் கையில், முன்பக்கம் இன்னொருவர் கையில். தேர்தல் காலத்தில் முன்பக்கத் தலைப்பு அநேகமாகக் கட்சித் தலைவர் ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன வசனம். பிரதேச வைத்தியசாலையில் மருந்து இல்லை என்பது ஐந்தாம் பக்கத்தில், பெட்டிக்குள், மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில். மேசையில் தொடங்கும் விவாதம் முன்பக்கத்தில் தொடங்கி முன்பக்கத்திலேயே முடிந்துவிடும். நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பது என்றால் அவ்வளவுதான், பக்க அமைப்பு. யாழ்ப்பாணத்தில் ஊடகத்துக்கும் கட்சிக்கும் இடையில் தூரமும் குறைவு. உதயன் பத்திரிகையின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010 முதல் 2020 வரை கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே பத்திரிகையின் அலுவலகத்துக்குள் 2006 மே 2ஆம் திகதி ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இங்கே செய்தி போட்டவர்கள் உயிரைக் கொடுத்துப் போட்டவர்கள்.

2024இல் அந்த முன்பக்கத்தைச் சுற்றி ஒரு புதிய வழி திறந்தது. ஜூலை மாதம் சாவகச்சேரி வைத்தியசாலை நிர்வாகம் பற்றி வைத்தியர் இராமநாதன் அருச்சுனா பேஸ்புக் நேரலையில் பேசத் தொடங்கினார். அவர் சொன்னவை எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பது இங்கே விடயமில்லை. சுகாதார சேவை என்ற, தமிழ்த் தேர்தல் மேடையில் இடமே இல்லாத ஒரு பிரச்சினை சில வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சானது. நவம்பரில் அவருடைய சுயேச்சைக் குழு 27,855 வாக்குகளோடு ஓர் ஆசனத்தை எடுத்தது. பல தசாப்தப் பாரம்பரியமுள்ள தமிழ்க் காங்கிரசுக்கு அதைவிட 131 வாக்குகள்தான் கூட. வைத்தியசாலை வரிசையில் நாள் முழுக்க நின்ற அனுபவம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அதைக் கேள்வியாக்க ஒருவர் வரும்வரை அது வாக்காகவில்லை. அந்த வழி ஆபத்தில்லாதது என்று சொல்லமாட்டேன். நேரலையில் கோபம் ஓடும் வேகத்துக்குச் சரிபார்ப்பு ஓடாது.

ஒரே பிரச்சினையை யார் எப்படி வெட்டி வைக்கிறார்கள் என்பதும் நிகழ்ச்சி நிரலின் பகுதிதான். 2024 இந்தியப் பொதுத் தேர்தலில் தமிழ்நாட்டு மேடைகளில் கச்சதீவு பெரிய பேச்சானது. பிரதமர் மோடியே எடுத்தார். அங்கே கேள்வி, தீவை யார் விட்டுக்கொடுத்தார் என்பது. பாக்கு நீரிணையின் இந்தக் கரையில், மாதகலிலும் பருத்தித்துறையிலும் வலை கிழிந்து வரும் மீனவருக்கு அந்தத் தீவு ஒரு பிரச்சினையே இல்லை. இரவில் வந்து கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைப் படகுகள்தான் பிரச்சினை. 2017இல் இழுவைமடியைத் தடைசெய்து சட்டமே வந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத் தேர்தலில் இது ஒரு வசனத்துக்கு மேல் போவதில்லை. தமிழ்நாட்டு உறவு கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், அதைக் கொழும்பு தனக்குச் சாதகமாக எடுத்துவிடும் என்ற பயம் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் குருநகர் மீனவரின் வலை கிழிந்தபடியே இருக்கிறது.

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி: நிகழ்ச்சி நிரலுக்குள் வரவிடாமல் தடுக்கப்படும் விடயங்கள். அதிகாரத்தின் ஒரு முகம் முடிவெடுப்பதில் இல்லை, முடிவெடுக்க வேண்டிய விடயத்தை மேசைக்கே வரவிடாமல் பார்ப்பதில் இருக்கிறது என்று 1962இல் பக்ராக், பாராட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பாருங்கள். குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரில் வாழ்கிறது. உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை 2015இல் ஊரையே தெருவுக்கு இறக்கியது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே போதாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்ற அவர்களின் கேள்வியும் நியாயம்தான். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் ஒரே தேர்தல் மாவட்டம். ஒரே பட்டியலில் இரண்டு இடத்து வாக்கும் வேண்டும். ஆகவே தண்ணீரைப் பற்றி எந்தக் கட்சி வாய் திறந்தாலும் பாதி வீட்டில் கோபம். எல்லோருக்கும் வசதியான தீர்வு, பேசாமல் இருப்பது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. கூடச் செலவான அந்த வழி, தமிழ் வாக்காளர் கூடி எடுத்த முடிவு அல்ல.

வலிகாமத்து ஒழுங்கைச் சந்தி ஒன்றில் ஒரு சின்னக் கூட்டம். பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு ஸ்பீக்கர், வாசலில் சைக்கிளை விட்டு நின்றபடி கேட்கும் ஆண்கள். வேட்பாளர் ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் தொடங்கி, மாகாண சபைகளைத் தந்த பதின்மூன்றாம் திருத்தம் வழியாக வந்து முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டா: “தம்பி, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கேலாமல் கிடக்கு. அதுக்கு என்ன செய்யப் போறியள்?” அவர், “அம்மா, எங்களிட்ட அதிகாரம் இருந்தால்தானே அதைச் செய்யலாம்” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கேள்வியைத் தன் கேள்விக்குள் இழுத்துப்போட்டு மூடினாரே ஒழிய, கிணற்றிலிருந்து அதிகாரத்துக்கு எந்தப் படியால் ஏறுவது என்று காட்டவில்லை. தண்ணீரும் காணியும் மாகாண சபையின் அதிகாரத்தோடு எங்கே முட்டுகின்றன என்று பத்து நிமிடம் விளக்கியிருந்தால் இரண்டு கேள்வியும் ஒன்றாகியிருக்கும். தமிழ்த் தேசிய அரசியல் தவறவிட்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்றாடப் பிரச்சினையும் அரசியல் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று ஏற்றுக்கொண்டு, அன்றாடப் பிரச்சினையை மற்றவர்களுக்குத் தாரைவார்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் நிகழ்ச்சி நிரலின் தலையில் கட்டவும் முடியாது. கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளர்களுக்குப் போடும் விருப்பு வாக்கு மூன்றில் ஒன்றாவது ஊராருக்கு, உறவுக்கு, சாதிக்கு, படித்த பள்ளிக்கூடத்துக்குப் போகும். வேலை எடுத்துத் தந்தவருக்கு வாக்கும் உண்டு. டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. கட்சி பல தேர்தல்களில் தாக்குப்பிடித்தது அந்த வழியால். 1994 முதல் தொடர்ந்து தெரிவான அவர் 2024இல் தோற்றதும், அமைச்சும் வேலைவாய்ப்பும் வேறு கைக்குப் போனதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

கேள்வி மறுபடியும் மாறும் என்பதற்கு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கின் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணியாகும் என்ற வகையில் ஒரு வர்த்தமானி வந்தது. அதில் மாட்டுப்படுபவர்கள் போரில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள், இந்தியாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள், ஆள் இறந்துபோன குடும்பங்கள். தையிட்டியில் தனியார் காணியில் கட்டிய விகாரைக்கு எதிரான போராட்டமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். வட்டாரத்துக்கு வடிகால், குப்பை, தெருவிளக்கு பேச வேண்டிய தேர்தல், காணி பேசிய தேர்தலாக மாறியது. காணியில் யாரை நம்புவது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் பழைய பதில் ஒன்று தயாராக இருக்கிறது. தமிழரசுக் கட்சி மறுபடி முதலிடத்துக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் மாவட்டத்தை வென்ற கட்சி பின்னுக்குப் போனது. அந்த வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் பின்னர் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு பிரசாரக் கூட்டத்தாலும் தர முடியாத விடயத்தை அரசாங்கமே தமிழ்க் கட்சிகளின் கையில் கொண்டுவந்து கொடுத்திருந்தது.

அடுத்தது மாகாண சபை. வட மாகாண சபைக்கு இதுவரை நடந்தது ஒரே ஒரு தேர்தல், 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. 38 ஆசனங்களில் 30ஐக் கூட்டமைப்புக்குக் கொடுத்து சி. வி. விக்னேஸ்வரனை முதலமைச்சராக்கினார்கள். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றப்போய்ச் சட்டச் சிக்கலில் மாட்டி, அதற்குப் பிறகு எந்த மாகாணத்துக்கும் தேர்தல் நடக்கவில்லை. தேர்தல் நடக்காமல் இருப்பதும் ஒரு நிகழ்ச்சி நிரல்தான். அது அறிவிக்கப்படும் நாளில் மேடைகள் பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்று தொடங்கும். தொடங்கட்டும், அவை வேண்டியவைதான். அதே மேடையில், முதல் சபை ஐந்து வருடத்தில் எத்தனை நியதிச் சட்டங்களை நிறைவேற்றியது, குடிநீருக்கும் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் கையில் இருந்த அதிகாரத்தில் எவ்வளவைப் பாவித்தது, எவ்வளவு பணம் திரும்பிப் போனது என்று பின்வரிசையிலிருந்து யாராவது கேட்க வேண்டும். அந்தக் கணக்கோடு வரும் வேட்பாளருக்குத்தான் என் விருப்பு வாக்கு.